கிராமத்து ரயில் சேவை மேம்பட, பயணிகள் சங்கம் எதைக் கேட்டால் பலன் கிடைக்கும்?

"கூடுதல் ரயில் விடுங்கள்" என்று மொட்டையாக மனு கொடுத்தால் கோப்பில்தான் உறங்கும். தடை எங்கே என்று கண்டுபிடித்து அதைக் கேளுங்கள். திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது, கேட் கீப்பர்கள் போதாமல் ரயிலிலேயே ஆள் போனார். ஒவ்வொரு கேட்டுக்கு முன்பும் வண்டி நிற்கும். அவர் இறங்கிக் கேட்டைப் பூட்டுவார். கடந்ததும் மறுபடி நிற்கும். அங்கே கேட்க வேண்டியது வேறு ரயில் அல்ல, கேட் கீப்பர் நியமனம்.

உங்கள் பாதையின் தடையை அறிய ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கூடவே உங்கள் ஸ்டேஷனில் விற்ற டிக்கெட், வந்த வருமானம் இரண்டையும் மாதவாரியாகக் கேளுங்கள். அதை இணைத்து ரயில்வே கோட்ட மேலாளருக்கு மனு கொடுங்கள். கோட்டப் பயனாளர் ஆலோசனைக் குழு உறுப்பினர், எம்.பி. இருவருக்கும் நகல் அவசியம்.

எக்ஸ்பிரஸ் நிறுத்தம் பெரும்பாலும் சோதனை முறையில்தான் கிடைக்கும்; டிக்கெட் கணக்கு குறைந்தால் பறிபோகலாம். கோட்டை விடுவது இங்கேதான். சென்னையிலிருந்து வருபவர்கள் பழக்கத்தில் அடுத்த பெரிய ஸ்டேஷன் வரை டிக்கெட் எடுத்துவிட்டு நம் ஊரில் இறங்கினால், அந்தப் பயணம் நம் ஸ்டேஷன் கணக்கில் வராது. நிறுத்தம் கிடைத்த வாரமே ஸ்டேஷன் பெயரையும் அதன் குறியீட்டையும் வீடுவீடாகச் சொல்லிவிடுங்கள்.