கொரோனாவுக்கு ட்ரிப்ஸில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்து பாதுகாப்பானதா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

2021 இரண்டாம் அலையின்போது ஒரு தனியார் மருத்துவமனையின் கொரோனா வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற இரண்டு ஆன்டிபாடிகள் (வைரஸை எதிர்க்க ஆய்வகத்தில் தயாரித்த புரதங்கள்) சேர்ந்த 'ஆன்டிபாடி காக்டெயில்' அந்த மே மாதம்தான் இந்தியாவில் அனுமதி பெற்றது. என் அனுபவம் அந்த மருந்தில்தான்.

பெரும்பாலானவர்களுக்கு அந்த மருந்து ஒத்துக்கொண்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. "சிஸ்டர், ட்ரம்புக்குக் கொடுத்த மருந்தாமே, எங்க அப்பாவுக்கும் போட்டுடுங்க" என்று கேட்டவர்களில் பலரின் அப்பா அதற்குள் ஆக்ஸிஜனில் இருப்பார். அது வைரஸ் உடலில் பெருகும் முதல் சில நாட்களுக்கான மருந்து. அறிகுறி தொடங்கி 10 நாளுக்குள், ஆக்ஸிஜன் தேவைப்படாத நிலையில், வயது, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன் என ஆபத்து கூடியவர்களுக்குத்தான் அனுமதி இருந்தது. ஹை ஃப்ளோ (அதிக வேகத்தில் செலுத்தும்) ஆக்ஸிஜனிலோ வென்டிலேட்டரிலோ இருப்பவருக்கு ஏற்றினால் நிலைமை மோசமாகலாம் என்று மருந்தோடு வந்த குறிப்பிலேயே எச்சரிக்கை இருந்தது. அப்போது ஒருவருக்கான டோஸ் கிட்டத்தட்ட 60,000 ரூபாயாக இருந்தது. அவ்வளவு கொடுத்துப் பலனில்லாத நாளில் ஏற்றச் சொன்னால் யாருக்கும் மனசு வராது, ஆனால் உறவினரிடம் மறுத்துப் பேசுவதும் லேசில்லை. (பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், வார்டில் சேர்ந்தும் உடலில் சொந்த ஆன்டிபாடி உருவாகாதவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மை. ஆனால் அங்கே கொடுத்தது 8 கிராம், நாங்கள் கொடுத்தது 1.2 கிராம்.)

ஏற்றும் முறைக்கு வருகிறேன். குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையக் கூடாது. எடுத்ததும் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு சலைனில் கலப்போம். குலுக்கவே கூடாது, புரத மருந்து, நுரைத்தால் கெட்டுவிடும். பையை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினால் போதும். நிறம் மாறியிருந்தாலோ துகள் தெரிந்தாலோ அந்தக் குப்பி வேண்டாம். 0.2 மைக்ரான் ஃபில்டர் வைத்த செட்டில், 20 முதல் 30 நிமிடத்தில் ஏறும். அதே லைனில் வேறு எந்த ஊசியும் போடக் கூடாது. மருந்து முடிந்ததும் சலைனால் ஃப்ளஷ் செய்யாவிட்டால் டோஸில் கொஞ்சம் டியூபிலேயே நின்றுவிடும்.

இந்தியாவில் வந்த பேக் ஒன்று இரண்டு பேருக்கானது. ஒருவருக்கு எடுத்த மீதியை ஃபிரிட்ஜில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அடுத்தவருக்குப் போடலாம் என்றிருந்தது. அதனால் திறந்த தேதியும் நேரமும் குப்பிமேல் எழுதியிருக்க வேண்டும். "இது எப்போ ஓப்பன் பண்ணது?" என்று நீங்கள் கேட்டால் எந்த நல்ல நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்றும்போதும் முடிந்து ஒரு மணி நேரம் வரையிலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். குளிர் நடுக்கம், காய்ச்சல், குமட்டல், தடிப்பு வந்தால் வேகத்தைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு திணறினாலும், பிபி இறங்கினாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுவோம். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் அட்ரினலின், அவில், ஹைட்ரோகார்டிசோன் மருந்துகள் இருக்கும் ட்ரே கட்டில் பக்கத்திலேயே தயாராக இருக்கும். ஆகவே "வீட்டுக்கே வந்து ஏற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், இந்த ட்ரேயும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் கூட வருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். நோயாளியும் "சும்மா கொஞ்சம் அரிப்பு, பரவாயில்லை" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு முதல் தகவல் அந்த அரிப்புதான்.

சரி, இப்போது போடலாமா? இந்த காக்டெயிலை வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒமிக்ரானுக்கு இது பலிக்கவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவிலேயே பயன்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். யாராவது பழைய ஸ்டாக்கை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள்போல் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு, தொற்று வராமல் தடுக்க, பெமிவிபார்ட் என்ற வேறொரு ஆன்டிபாடிக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அவசர அனுமதி கிடைத்தது. சோதனையில் 623 பேரில் 4 பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததால், அதை ஏற்றி முடித்தபின் 2 மணி நேரம் அங்கேயே உட்கார வைக்கிறார்கள்.