கொடிக்கு கொஞ்சம் பட்டினி போடுங்க! – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல கொடி தான். பூக்கல, ஏறல, காஞ்சு போச்சு, இப்படியே. அதனால ரோஜாக்காரங்களும் கத்தரிக்காய்க்காரங்களும் கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல கட்டாயம் பதில் வரும், இந்த தடவை கொடிய மட்டும் பாத்துடுவோம்.

"அக்கா, நர்சரியில பாக்கும்போது இலையே தெரியாம ராணி கலர்ல பூத்துக் கிடந்துச்சு அந்த பேப்பர் பூ. வீட்டுக்கு கொண்டு வந்து எட்டு மாசம் ஆச்சு, இலையா தள்ளுதே ஒழிய ஒரு பூ கூட இல்ல. காலையும் சாயங்காலமும் தண்ணி, மாசம் ரெண்டு தடவ சாணி உரம், நடுவுல கடலைப்புண்ணாக்கு கரைசல் எல்லாம் குடுக்குறேன். வேற என்ன குடுக்கணும்?"
– வாசகி, குளித்தலை

வேற ஒண்ணும் குடுக்காதீங்கம்மா, குடுக்குறத நிறுத்துங்க. கல்யாண வீட்டு பந்தியில உக்கார வெச்ச மாதிரி கவனிச்சிருக்கீங்க, அது நல்லா சாப்டுட்டு இலையா விட்டுட்டு சொகமா இருக்கு. இந்த பேப்பர் பூ, அதாவது போகன்வில்லா, தென் அமெரிக்கா சரக்கு, 1767ல பிரேசில்ல ரியோ பக்கம் கப்பல்ல போன கொம்மெர்சோன்ங்கற பிரெஞ்சுக்காரர் இத சேகரிச்சாரு, கப்பல் தலைவர் பேரு போகன்வில், அந்தப் பேரையே வெச்சுட்டாங்க. (கொம்மெர்சோனுக்கு உதவியாளா ஆம்பள வேஷத்துல கூட வந்தது ழான் பாரேன்னு ஒரு பொண்ணு, உலகத்த கப்பல்ல சுத்தி வந்த முதல் பொம்பளன்னு இன்னிக்கு அவங்களத்தான் சொல்றாங்க. காகிதப்பூவ பாக்குறப்பல்லாம் எனக்கு அவங்க ஞாபகம் தான்.)

விஷயத்துக்கு வரேன். ஒரு கிளைய கையில எடுத்து இலை சேர்ற கக்கத்துல உத்துப் பாருங்க, அங்க ஒரு முள்ளு இருக்கும். பூக்குற கிளையில அதே எடத்துல தான் பூங்கொத்து வரும். ரெண்டும் ஒரே மொட்டு தான், செடி ரொம்ப வேகமா வளந்துட்டு இருந்தா முள்ளா போயிடும், கொஞ்சம் வறண்டு அடங்கி நின்னா பூவா ஆயிடும். உங்க செடியில இப்ப பெரிய பெரிய முள்ளோட தடியா நேரா மேல போற கொம்பு நாலஞ்சு இருக்குமே, இருக்கா? அதுதான் நீங்க ஊத்துன புண்ணாக்கு.

அதனால முதல்ல சாணி, புண்ணாக்கு ரெண்டையும் ரெண்டு மாசத்துக்கு கட் பண்ணுங்க, ரெண்டுலயும் இலைய வளர்க்குற தழைச்சத்து தான் ஜாஸ்தி, பூவுக்கு வேண்டியது பொட்டாஷ், அடுப்பு சாம்பல் கிடைச்சா ஒரு கைப்பிடி போதும். அந்த தடி கொம்ப எல்லாம் அடியோட வெட்டிட்டு மத்த கிளைய மூணுல ஒரு பங்கு நறுக்கி விடுங்க, கைக்கு உறை மாட்டிக்கோங்க இல்லன்னா சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது தெரியும். புதுசா துளிர்க்குற கிளை நுனியில தான் பூ வரும், வெட்டாம விட்டா அது எங்கயோ பக்கத்து வீட்டு மாடியில போய் பூக்கும். தண்ணி தினமும் வேண்டாம், இலை லேசா தொங்க ஆரம்பிக்கிற வரைக்கும் மனச கல்லாக்கிட்டு இருங்க, அப்புறம் தொட்டி அடியில வழியுற அளவுக்கு ஒரே தடவையா ஊத்துங்க, மறுபடியும் காயப் போடுங்க. வெயில் குறைஞ்சது அஞ்சாறு மணி நேரம் நேரடியா படணும், ஜன்னல் கிரில் வழியா வர்ற ரெண்டு மணி நேர வெயில் எல்லாம் இதுக்கு பத்தாது. ஐப்பசி கார்த்திகை மழையில பூ குறையுறது சகஜம், மாசி பங்குனியில எல்லாத்துக்கும் சேத்து வெச்சு பூக்கும்.

பெரிய தொட்டிக்கு மாத்தலாமான்னும் தனியா கேட்டிருந்தீங்க. வேண்டாம், வேர் நெருக்கமா இருந்தா தான் இது பூக்கும். நான் ஒரு தடவ ஆசைப்பட்டு மாத்துறேன்னு சொல்லி செடிய பிடிச்சு இழுத்தேன், மண்ணு பூரா கொட்டிப்போச்சு, வெறும் வேரோட கையில நிக்குது, இதோட வேர் நூல் மாதிரி, சட்டுனு அறுந்துடும். பத்தே நாள்ல போச்சு, ஆறு வருஷ செடி. மாத்தியே ஆகணும்னா, நர்சரி பையில இருந்தா அந்தப் பைய கத்தியால கிழிச்சு மண்ணுக்கட்டி உடையாம அப்படியே எறக்குங்க.

இன்னொண்ணு, ராணி கலர்ல இருக்கே, அது பூவே இல்ல, நிறம் மாறின இலை. உள்ள வெள்ளையா சின்னதா குழல் மாதிரி இருக்கும் பாருங்க, அதுதான் பூ. அதான் பேப்பர் மாதிரி அத்தன நாள் வாடாம நிக்குது.

"மேடம், வெள்ளை, ரோஸ், சிவப்பு மூணும் ஒரே கொத்துல இருக்குற ரங்கூன் மல்லி வாங்கினேன். மூணு செடிய ஒட்டு கட்டினதுன்னு சொல்லி விக்கிறவர் 450 ரூபா வாங்கிட்டார். எதிர் வீட்டு அண்ணன் சிரிக்கிறார், ஏமாந்துட்டேனா? அஞ்சு மாசமா கொடியா ஏறாம புதர் மாதிரியே வேற நிக்குது."
– வாசகர், ஆவடி

ஏமாந்துட்டீங்க, ஆனா செடி நல்ல செடி, விடுங்க. ஒட்டும் இல்ல கட்டும் இல்ல, ஒரே பூ தான் மூணு நிறமும். சாயங்காலம் விரியும்போது வெள்ளை, அடுத்த நாள் ரோஸ், மூணாவது நாள் நல்ல சிவப்பு. நம்பலன்னா இன்னிக்கு ஆறு மணிக்கு புதுசா விரிஞ்ச பூ ஒண்ணோட காம்புல வெள்ளை நூல் கட்டி விட்டுட்டு மூணு நாள் பாருங்க, அப்புறம் அந்த நூலோட எதிர் வீட்டு அண்ணன் கிட்ட போய் சரண்டர் ஆயிடுங்க. வெள்ளையா இருக்குறது ராத்திரி வர்ற பெரிய அந்துப்பூச்சிக்காக, பூவோட குழல் விரல் நீளம், அதுக்குள்ள விட்டு தேன் உறிஞ்சுற அளவுக்கு நீட்டு நாக்கு அதுக்கு தான் இருக்கு, வாசனையும் ராத்திரி தான் தூக்கும். சிவப்பாயிட்டா பகல்ல தேனீயும் தேன்சிட்டும் வரும்.

ஏறலன்னு கவலையே வேண்டாம், இது சின்னதுல குத்துச்செடியா தான் நிக்கும், அப்புறம் திடீர்னு நீள நீளமா கொம்பு விட்டு கொடியா மாறும். 17ஆம் நூற்றாண்டுல இந்தோனேசியா பக்கம் அம்போன் தீவுல இருந்த ரம்ஃபியஸ்ங்கற தாவர ஆராய்ச்சியாளரே இத பாத்து குழம்பிட்டாரு. மலாய்ல இதுக்கு உடானின்னு பேரு, அது டச்சு பாஷையில 'எப்படிப்பட்டது?'ங்கற வார்த்தை மாதிரி காதுல விழ, அத அப்படியே லத்தீன்ல திருப்பி குவிஸ்குவாலிஸ், அதாவது 'யாரு? எப்படி?'ன்னு பேரு வெச்சுட்டாரு. செடி பேரே ஒரு கேள்வி! இப்ப புத்தகத்துல காம்ப்ரீட்டம் இண்டிகம்னு மாத்திட்டாங்க, எனக்கு பழசு தான் பிடிக்குது.

ஏற ஆரம்பிச்சதும் சணல் கயிறு, பிவிசி குச்சி எல்லாம் தாங்காது, இரும்பு பைப்போ கெட்டியான கேட் வளைவோ வேணும். பழைய இலைக்காம்போட அடி கெட்டியாகி கொக்கி முள்ளா நிக்கும், அத வெச்சு தான் பிடிச்சு ஏறும், துணி காயப்போடுற கம்பி பக்கத்துல விட்டுடாதீங்க, எங்க வீட்டுல ஒரு பட்டுப்பாவாட போச்சு. பூத்து ஓஞ்சதும் நல்லா வெட்டி விடுங்க, வேர்ல இருந்து தள்ளி தள்ளி கன்னு முளைக்கும், வேண்டாததை அப்பப்ப பிடுங்கிடுங்க.

"மணி பிளான்ட் திருடி வெச்சா தான் வளருமா? அது ஏன் பூக்கவே மாட்டேங்குது?"
– வாசகி, மதுரை

எங்க வீட்டுது காசு குடுத்து வாங்கினது, நல்லாவே வளருது, யார் வீட்டு ஜன்னல்லயும் கை விடாதீங்க. பூக்காததுக்கு நீங்க காரணம் இல்ல, பூ வர தேவையான ஜிபெரெல்லின்ங்கற ஹார்மோன அதால சரியா உண்டாக்க முடியல. இலை பெருசாகணும்னா கீழ தொங்க விடாம தென்னை நார் சுத்தின குச்சியில மேல ஏத்துங்க.

"அக்கா, மூலனூர் பக்கம் இருக்குற மாமா வீட்டுல இருந்து கண்வலிக்கிழங்கு கொண்டு வந்து ஆடியில நட்டேன். ஐப்பசியில பூத்து கார்த்திகை வரைக்கும் அவ்ளோ அழகு. தை பொறந்ததும் மஞ்சளாகி மொத்தமா காஞ்சு போச்சு. விடாம தண்ணி ஊத்துறேன், துளிர்க்கல. செத்துப்போச்சா? வீட்டுல நாலு வயசு பாப்பா இருக்கு, வெக்கலாமா?"
– வாசகர், சிவகங்கை

தம்பி, இத படிச்ச உடனே அந்த தண்ணி குடத்த கீழ வைங்க. சாகல, தூங்குது. கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், வருஷா வருஷம் மேல காஞ்சு, கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள ஓய்வு எடுக்கும், அந்த நேரத்துல ஈரம் இருந்தா அழுகிடும். மெல்ல தோண்டி பாருங்க, கலப்பை மாதிரி வளைஞ்சு கெட்டியா இருந்தா பொழச்சுது, கொழகொழன்னு நாத்தம் அடிச்சா மாமாவுக்கு போன் போடுங்க.

பாப்பா விஷயம் தான் முக்கியம். நம்ம மாநிலப் பூ, சங்கப் புலவர்கள் பொண்ணுங்க விரலுக்கு உவமை சொன்ன பூ, எல்லாம் சரி, ஆனா வேர்ல இருந்து விதை வரைக்கும் விஷம், கிழங்குல ரொம்ப அதிகம், சக்கரவள்ளிக் கிழங்குன்னு நெனச்சு தின்னு உயிரே போயிருக்கு. உங்க மாமா ஊர்ப்பக்கம் எல்லாம் கம்பி பந்தல்ல ஏத்தி ஏக்கர் கணக்குல போடுறாங்களே, அது அதே விஷத்துக்காக தான், விதையில இருக்குற கோல்சிசின்ங்கற அந்த விஷம், மூட்டு வீங்கி வலிக்கிற கௌட் வியாதிக்கு மருந்தாகுது. பூவோட சூல்தண்டு, அதாவது காய் பிடிக்க மகரந்தம் போய் சேர வேண்டிய தண்டு, நேரா நிக்காம ஒரு பக்கமா மடிஞ்சு வெளிய நீட்டிட்டு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? மகரந்தம் தானா அங்க போய் சேர்றது கஷ்டம், அதனால காலையில ஆள் வெச்சு ஒவ்வொரு பூவுலயும் மகரந்தத்த தொட்டு விடுவாங்க, மாமா கிட்ட கேளுங்க சொல்லுவார்.

என்னைக் கேட்டா பாப்பா கொஞ்சம் பெருசாகிற வரைக்கும் அந்த கிழங்கு மாமா வீட்டுலயே இருக்கட்டும். இல்ல வெச்சே தீருவேன்னா பூட்டு போட்ட மாடியில மட்டும். இப்ப கையுறை போட்டு எடுத்து, காஞ்ச மணல்ல புதைச்சு, டப்பா மேல விஷம்னு பெருசா எழுதி, சமையலறை பக்கமே வராத எடத்துல வைங்க. ஆனி கடைசியில எடுத்துப் பாத்தா கிழங்கு நுனியில வெள்ளையா முளை எட்டிப் பாக்கும், அது உடைஞ்சா அந்தப் பக்கம் முளைக்காது, அதனால நுனியில கை படாம நடுவுல பிடிச்சு தொட்டியில படுக்க வெச்சு ரெண்டு இன்ச் மண்ணு மூடுங்க. அப்ப ஊத்துங்க தண்ணிய.