பக்கத்துத் தோட்டக்காரருக்குத் துப்பாக்கியை விற்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சி அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று, உரிமத்துடன், இப்போது என் பெயரில் இருக்கிறது. மகனோடு சென்னையில் தங்கப் போவதால் அதை விற்றுவிட நினைக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர், தம்மிடமும் உரிமம் இருப்பதாகச் சொல்லி நல்ல விலை தர முன்வருகிறார். முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாமா?

பதில்: விற்கலாம், ஆனால் நீங்கள் சொல்லும் முறையில் அல்ல. முத்திரைத்தாள் எழுத்து உங்கள் இருவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சியாகுமே தவிர, துப்பாக்கியைக் கைமாற்றும் அதிகாரத்தை உங்களுக்குத் தராது. அந்த அதிகாரத்தை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில், இரண்டு நிபந்தனைகளோடு தருகிறது. சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, வியாபார உரிமம் இல்லாத தனிநபரும், அதை வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ முன்னதாக எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அப்படித் தெரிவித்த பிறகு 45 நாட்களாவது கழிந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரைப் பொறுத்தவரை மாவட்ட நடுவர் என்பவர் கோவை மாவட்ட ஆட்சியர். (மாநகரக் காவல் ஆணையரக எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு உரிம வேலை ஆணையர் அலுவலகத்தில் நடக்கும்.) சட்டம் கேட்பது தகவல் மட்டுமே என்றாலும், நடைமுறையில் பெரும்பாலும் உரிமம் வழங்கிய அலுவலகத்தின் எழுத்து அனுமதியைப் பெற்ற பிறகே விற்பனை நடக்கிறது. அதற்காக அலைய நேர்ந்தாலும் அந்தத் தாளை வாங்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கடிதத்தில் துப்பாக்கியின் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், குழலின் அளவு, கையிருப்பில் உள்ள தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். 45 நாள் கணக்குக்கு அந்த நகல்தான் ஆதாரம்.

இனி, வாங்குபவரின் உரிமம். "லைசென்ஸ் இருக்கிறது" என்ற வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. மூலத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். காலாவதித் தேதி, தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனித்துவ அடையாள எண், உங்கள் துப்பாக்கியின் வகையும் குழல் அளவும் அதில் அனுமதிக்கப்பட்டுள்ளனவா, ஏற்கெனவே எத்தனை ஆயுதங்கள் பதிவாகியுள்ளன, வாங்குவதற்குத் தரப்பட்ட அவகாசம் முடிந்துவிட்டதா என்பவற்றைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. பரம்பரையாக வந்தவற்றுக்கும் இதே வரம்புதான். எனவே அவரிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு விற்பதும், மனநலம் குன்றியவர் என்று நீங்கள் அறிந்திருக்கும் ஒருவருக்கு விற்பதும் 9ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. தகுதியுள்ளவர்தானா என்று முன்கூட்டி உறுதிசெய்யாமல் ஆயுதத்தை ஒப்படைப்பது 29ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்; மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். 5ஆம் பிரிவை மீறி விற்பதற்கோ 2019க்குப் பிறகு குறைந்தபட்சமே ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. தெரிந்தவர், நல்லவர் என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

பலர் சறுக்குவது இடைப்பட்ட அந்த 45 நாட்களில்தான். "முன்பணம் கொடுத்துவிட்டேன், இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள். உரிமம் இல்லாத ஒருவர் உங்கள் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் விட்டுக்கொடுப்பது, நீங்கள் உடன் இருக்கும்போது அல்லது உங்கள் எழுத்து அதிகாரத்துடன், பழுதுபார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ உங்கள் உபயோகத்துக்காகவோ மட்டுமே. பார்வையிட விரும்பினால் உங்கள் வீட்டில், உங்கள் முன்னிலையில், தோட்டா இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

துப்பாக்கியையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். வரிசை எண் தேய்ந்தோ சுரண்டப்பட்டோ இருந்தால் விற்காதீர்கள். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதை 8ஆம் பிரிவு தடுக்கிறது. அப்பா காலத்துப் பொருள் பிரிட்டிஷ் தயாரிப்பாக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. 1980களில் தனியார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின் அத்தகையவற்றுக்குக் கிராக்கி கூடியிருப்பதால் விலை நன்றாகவே கிடைக்கும். ஆனால் அவற்றில் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானவை, சிலவற்றின் குழல் கரும்மருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) காலத்தது. இன்றைய இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கவும் கூடும். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டி, அவர் சொல்வதை விற்பனைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் காட்டுப்பன்றித் தொல்லைக்காகத்தான் கேட்கிறார் என்றால், ஆயுத உரிமம் வனவிலங்கைச் சுடும் உரிமை ஆகாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விஷயம்.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒப்படைப்பை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ வைத்துக்கொண்டு, இருவரின் உரிம நகல்களையும் இணைத்துக் கையெழுத்திடுங்கள். மறுநாளே உங்கள் உரிமத்திலிருந்து அந்தத் துப்பாக்கியை நீக்கக் கோரி மனுக் கொடுங்கள். அது நீக்கப்படும்வரை பதிவேட்டில் துப்பாக்கி உங்களுடையதுதான். தேர்தல் அறிவிக்கப்பட்டு, உரிமதாரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தால், காவல் நிலையத்திலிருந்து அழைப்பு உங்களுக்கே வரும். மீதமுள்ள தோட்டாக்களுக்கும் இதே விதிகள் பொருந்தும் என்பதால், அவற்றை அலமாரியில் மறந்துவிட்டு ஊர் மாறிவிடாதீர்கள். விற்பனை முடிவதற்குள் சென்னை செல்ல நேர்ந்தால், பாதுகாப்பில் வைத்துக்கொள்ள உரிமம் உள்ள கடையில் துப்பாக்கியை ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.