சளி பிடித்தால் மகளுக்கு முகம் வீங்குகிறது: நோயை மறைத்து பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. போன வருஷம் ஒரு சளிக் காய்ச்சலுக்குப் பிறகு கண் இமையெல்லாம் வீங்கிவிட, டாக்டர் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் கசியும் நோய்) என்றார். அதற்கப்புறம் சளி பிடித்த இரண்டு தடவையும் திரும்ப வந்தது, ஒரு தடவை அட்மிட் செய்தோம். கணவரின் கம்பெனியில் 3 லட்சம் குரூப் இன்ஷூரன்ஸ் உண்டு. தெரிந்த ஏஜென்ட் அண்ணன், "நோயைப் பற்றி எழுதாம 10 லட்சத்துக்குப் புது பாலிசி போடுங்க, மூணு வருஷம் ஓட்டிட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்கிறார். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியும் (குறிப்பிட்ட பெரிய நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தருவது) எடுக்கச் சொல்கிறார். செல்வமகள் கணக்கில் மாதம் 5,000 ரூபாய் போடுகிறோம், அதை நிறுத்தலாமா? - திருப்பூர் வாசகி

பதில்: எழுதாமல் போடாதீர்கள். அந்த அண்ணன் இரண்டு விதிகளைப் போட்டுக் குழப்புகிறார். 36 மாதம் என்பது, நீங்கள் நோயைச் சொல்லி பாலிசி எடுத்தால் அந்த நோய்க்கான கிளைமுக்கு அதிகபட்சம் எவ்வளவு நாள் காத்திருக்க வைக்கலாம் என்பதற்கான வரம்பு, 2024 ஏப்ரலில் இருந்து இதுதான் கணக்கு. மறைத்த விஷயத்தைக் கம்பெனி கிளறக் கூடாது என்பதற்கு 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியிருக்க வேண்டும், மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. மறைப்பதும் நடக்காத காரியம். அடுத்த முறை அட்மிட் ஆகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே 'Known case of nephrotic syndrome' (ஏற்கெனவே இந்த நோய் உள்ளவர்) என்று டாக்டர் எழுதிவிடுவார், எழுதியே ஆகவேண்டும். அதைப் பார்த்ததும் கிளைம் போகும், சில சமயம் மொத்த பாலிசியும் போகும், அப்போது நீங்களும் உங்கள் கணவரும் சேர்த்துத்தான் நடுத்தெருவில் நிற்பீர்கள்.

உண்மையை எழுதி இரண்டு மூன்று கம்பெனிகளிடம் கேளுங்கள். பிரீமியம் கூட்டலாம், காத்திருப்புக் காலம் போடலாம், குழந்தையை மட்டும் வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நீங்கள் இருவரும் மட்டும் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள் (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, அந்த வகையில் கொஞ்சம் லாபம்). மகளுக்கு கணவரின் குரூப் பாலிசிதான் இப்போதைக்குத் தூண், ஏனென்றால் பெரும்பாலான குரூப் பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டு. கணவர் வேலை மாறுவதாக இருந்தால் சம்பளத்தைப் பேசும்போதே இதையும் பேசட்டும்.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி வேண்டவே வேண்டாம். அதில் சிறுநீரகத்துக்குப் பணம் கிடைப்பது சிறுநீரகம் செயலிழந்து, தொடர்ந்து டயாலிசிஸ் செய்யும் நிலை வந்தால்தான். உங்கள் மகளுக்கு இருப்பது அது இல்லை. சிறுநீரக வடிகட்டியில் புரதம் கசிகிறது, வைரஸ் சளி வந்து உடம்பின் எதிர்ப்பு சக்தி கிளம்பும்போது கசிவு திரும்பத் தொடங்குகிறது. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டிலேயே கேட்கும், நிறையப் பேருக்கு டீன் ஏஜ் தாண்டுவதற்குள் நின்றும்விடும். வருமான வரியில் சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு 80டிடிபி என்று நாம் பழகிய சலுகையும் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்குத்தான், இதற்கு யாராவது சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

உங்கள் பிரச்சினை ஒரு பெரிய பில் இல்லை, சளி வரும்போதெல்லாம் வரும் சின்னச் சின்ன பில்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மலிவு. காசைத் தின்பது ஓபி ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, டாக்டரிடம் போய்வரும் கார் வாடகை, நீங்கள் லீவ் போட்ட நாளின் சம்பளம், அப்புறம் வீக்கம் அதிகமானால் நரம்பில் ஏற்றும் ஆல்புமின் என்ற புரதம். இதில் ஆல்புமினையும் அட்மிஷனையும் தவிர மற்றதற்கு இன்ஷூரன்ஸ் அநேகமாகத் தராது. ஆனால் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் பில்களை நிறைய பாலிசிகள் ஏற்கும், அந்த நோயோடு சம்பந்தப்பட்டிருந்தால் போதும். போன அட்மிஷனுக்கு அதைக் கிளைம் செய்தீர்களா? மருந்துக்கடை ரசீதைக் கசக்கித் தூக்கிப்போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

ஒரு தடவை நோய் திரும்பினால் மொத்தம் எவ்வளவு கைவிட்டுப் போனது என்று உட்கார்ந்து கூட்டுங்கள். அதுபோல் மூன்று தடவைக்கான பணம் தனி சேமிப்புக் கணக்கில் எப்போதும் இருக்கட்டும். அதற்காக செல்வமகளை நிறுத்தவேண்டாம், குறையுங்கள். வருஷத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். அந்தப் பணத்தை மகளுக்கு 18 வயதாகும்வரையோ பத்தாம் வகுப்பு முடிக்கும்வரையோ தொட முடியாது, உங்களுக்கு வேண்டியது நாளைக்கே எடுக்கக்கூடிய பணம். மாதம் 1,000 அங்கே, 4,000 இங்கே. மூன்று தடவைக்கான தொகை சேர்ந்ததும் பழையபடி 5,000 போடலாம்.

செலவு செய்யத் தயங்கக் கூடாத இடமும் உண்டு. காலையில் முதல் சிறுநீரில், புரதம் கசிகிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப்பை நனைத்து, நிறத்தை டப்பாவில் உள்ள அட்டையோடு பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்க டாக்டர் சொல்லியிருப்பார். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம், வீக்கத்துக்கு முன்பே டாக்டரிடம் போனால் அட்மிஷன் செலவே பல சமயம் மிச்சம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளையும் கேளுங்கள். உயிருள்ள கிருமி வகை ஊசிகளை ஸ்டீராய்டு டோஸ் அதிகமாக இருக்கும்போது போடமாட்டார்கள், அதனால் எதை எப்போது என்பதை அவரே சொல்லட்டும்.

இந்த வாரம் கணவரை ஹெச்ஆரிடம் இரண்டு கேள்வி கேட்டு, பதிலை மெயிலில் வாங்கச் சொல்லுங்கள்: மகளின் நோய்க்கு பாலிசியில் ஏதாவது விலக்கு இருக்கிறதா, அடுத்த ரென்யூவலில் நம் காசைப் போட்டு 3 லட்சத்தைக் கூட்டிக்கொள்ள டாப்-அப் தருவார்களா.