ஒரே ஊர், ஒரே கஜானா, இரண்டு கட்டணம்

ஐயா, "ஜெர்மனியில் உள்ள மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம் என்கிறார்கள், அப்புறம் ஏன் செமஸ்டருக்கு 6,000 யூரோ கேட்கிறார்கள்? அண்ணன் மகன் 2019-ல் இலவசமாகத்தானே படித்தான்?" என்று கேட்டிருந்தீர்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் அண்ணன் மகன் சேர்ந்தபோது அங்கே அந்தக் கட்டணம் இல்லை, இப்போது இருக்கிறது.

ஜெர்மனியில் உயர்கல்வி மாநிலங்களின் பொறுப்பு. பெரும்பகுதிப் பணம் மாநில அரசிடமிருந்து வரும். ஆனால் எதைக் கற்பிப்பது, எதை ஆராய்வது என்பதில் அரசு தலையிட முடியாது. அந்தச் சுதந்திரம் அரசியல் சட்டத்தின் 5-வது பிரிவிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத் தலைவரையும் அமைச்சர் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் மகள் விரும்பும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், உள்ளே இருப்பவர்களும் வெளியாட்களும் சேர்ந்த ஒரு குழுதான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் 2022-ல் ஒரு சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம் என்றது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்குகிறது; முதுநிலைக்கு, படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. அதே ஊரில், அதே மாநிலப் பணத்தில் நடக்கும் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகம் பொதுவாக வாங்குவதில்லை. பக்கத்து மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் கதை வேறு. அங்கே 2017-லிருந்து மாநிலச் சட்டமே இந்த வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ என்று வைத்துவிட்டது. அதனால் "ஜெர்மனியில் இலவசமா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று கேளுங்கள். கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் இருக்கின்றன, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சேர்க்கையும் அப்படித்தான். "அமைச்சகத்தில் ஆள் இருக்கிறது, சீட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். யாரைச் சேர்ப்பது என்பதைத் துறைப் பேராசிரியர்கள் பார்க்கிறார்கள். இளநிலையில் படித்த பாடங்கள் தங்கள் பாடத்திட்டத்தோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் இந்த இடத்தில் விழுந்த பிள்ளைகள் உண்டு.

அரசின் பங்கு விசாவில் வருகிறது. இந்தியாவில் வாங்கிய கல்விச் சான்றுகள் உண்மையானவைதான் என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். உதவித்தொகை இல்லையென்றால், ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும். கல்விக் கட்டணம் அதற்கு மேல்.

சரி, கடன் பேச வங்கிக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மகளின் கல்லூரியில் நான்கு வருடப் பாடத்திட்டத்தை முத்திரையோடு வாங்கி எனக்கு அனுப்புங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தோடு பொருந்துகிறது என்று மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.