நடுக் குரல் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்க சர்ச்சுல கிறிஸ்மஸ் முடிஞ்சதும் பிள்ளைங்க கச்சேரி வைக்கிறோம். என் மக பியானோவுல, அந்தக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதின முதல் இன்வென்ஷனும் ஒரு சின்ஃபோனியாவும் வாசிப்பா. தனியா வாசிக்க மாட்டேங்குறா, கூட்டாளிகளோட சேர்ந்து வாசிக்கணுமாம். இருக்கறது ரெண்டு வயலின், ஒரு ஃப்ளூட், ஒரு கிடார். செல்லோ கிடையாது. வலது கையை வயலினுக்கும் இடது கையை கிடாருக்கும் கொடுத்துட்டா வேலை முடிஞ்சிருமா? – ஒரு வாசகி, ரங்கூன்

பதில்: இன்வென்ஷனுக்கு முடிஞ்சிரும் தங்கச்சி, சின்ஃபோனியாவுக்கு முடியாது. பாக் 1723ல இந்தத் தொகுப்பை எழுதி முடிச்சப்ப 15 உருப்படி ரெண்டு குரல்ல, அதான் இன்வென்ஷன், 15 உருப்படி மூணு குரல்ல, அதான் சின்ஃபோனியான்னு பிரிச்சு வச்சாரு. குரல்னா இங்க தொண்டை இல்ல, தனியா ஓடுற ஒரு மெட்டு வரி. ரெண்டு குரல்னா ஆளுக்கு ஒரு கை, பிரச்சனை இல்ல. மூணு குரலை ரெண்டு கையால வாசிக்கும்போது அந்த நடுக் குரல் கொஞ்ச நேரம் வலது கட்டைவிரல்ல இருக்கும், திடீர்னு இடது கட்டைவிரலுக்குத் தாவிரும், அப்புறம் திரும்பவும் வந்துரும், பியானோ வாசிக்கறவங்களுக்கு இது பழகிப்போய் கண்ணுலயே படாது. நான் மொதமொத இந்த வேலையை செஞ்சப்ப கையை வச்சே பிரிச்சு எழுதிட்டேன், ரெண்டாவது வயலின் பையன் நாலு பார், அதாவது நாலு தாளக் கட்டு, சும்மா உக்காந்துட்டு நடுவுல ரெண்டே ரெண்டு நோட்டு வாசிச்சிட்டு திரும்ப சும்மா உக்காந்தான், கிடார்க்காரன் ஒரே ஆளா ரெண்டு பேர் பேச்சைப் பேசிட்டு இருந்தான்.

அதனால எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு கலர் பென்சில் எடுத்துக்கங்க. நோட்டுப் புள்ளியில இருந்து நீட்டிட்டு நிக்கிற கோடு இருக்கே, அந்தக் காம்பைப் பாருங்க. மேல் ஸ்டாஃப்ல, அதான் மேல இருக்கற அஞ்சு கோட்டுல, ரெண்டு குரல் இருந்தா காம்பு மேல போறது மேல் குரல், கீழ போறது நடுக் குரல். கீழ் ஸ்டாஃப்ல ரெண்டு இருந்தா மேல் காம்புதான் நடுக் குரல். முதல் பார்ல இருந்து கடைசி பார் வரைக்கும் ஒவ்வொரு குரலையும் ஒரே கலர்ல விடாம தடவிட்டு வாங்க. ஒரு சாயங்காலம் பூரா ஆகும். அந்தக் கலர் பேப்பர் கையில இருந்தா மிச்சம் வெறும் பார்த்து எழுதுற வேலைதான்.

இன்வென்ஷனை ஃப்ளூட்டுக்குக் கொடுத்துராதீங்க. அது தொடங்குறதே நடு சி-யில, ச ரி க ம ரி க ச ப-ன்னு. ஃப்ளூட்டுக்கு ஆகக் கீழ் நோட்டே அதுதான், அங்க காத்துதான் அதிகம் வரும், சத்தம் வராது. வயலினுக்கு அதுக்கும் கீழ ஜி வரைக்கும் இடம் இருக்கு. ஃப்ளூட் பிள்ளை சின்ஃபோனியாவுல மேல் குரலை எடுத்துக்கட்டும், மூச்சு எங்க விடணும்னு மட்டும் நீங்களே குறிச்சுக் கொடுங்க, ஏன்னா கீபோர்டுக்கு மூச்சு கிடையாதுங்கறதால பாக் அதை எங்கயும் எழுதி வைக்கல. நடுக் குரல் ரெண்டாவது வயலினுக்கு, அது ஜி-க்குக் கீழ இறங்கினா மொத்த உருப்படியையும் ஒரு படி ரெண்டு படி ஏத்திக்கங்க. கிடாரோட ஆகக் கீழ் தந்தி ஈ, அதுக்கும் கீழ நோட்டு வந்தா அந்த ஒரு நோட்டை மட்டும் தூக்கி மேல போடாம அந்த வாக்கியத்தையே முழுசா ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, ஏத்துங்க, இல்லன்னா நடந்து போறவன் திடீர்னு பள்ளத்துல இருந்து குதிச்சு ஏறின மாதிரி கேக்கும்.

இன்னொரு விஷயம், நகாசு. பியானோவுக்கு முந்தின கீபோர்டான ஹார்ப்சிகார்டுல தந்தியை சுண்டுனதும் சத்தம் தேய்ஞ்சிரும், நீள நோட்டு சாகாம இருக்கவும் அதுல ட்ரில் போடுவாங்க, அதாவது அதையும் பக்கத்து நோட்டையும் மாத்தி மாத்தி வேகமா அடிப்பாங்க. வயலின்ல வில்லை இழுத்தா அது தானா நிக்குது, நான் பாதி ட்ரில்லை எடுத்துருவேன். முடிவுல வர்றதை மட்டும் தொட மாட்டேன்.

கேள்வி: கச்சேரி நடக்கும்போதே பின்னாடி சுவர்ல கலர் கலரா கோடு ஓடி பாட்டைக் காட்டுமே, அந்த மாதிரி எங்க பள்ளிக்கூட விழாவுல செய்யலாமா? – ஒரு டீச்சர், பெகு

பதில்: செய்யலாம் டீச்சர். ஸ்டீஃபன் மாலினோவ்ஸ்கின்னு ஒரு அமெரிக்கர் 1985லயே இதை கம்ப்யூட்டர்ல ஓட விட்டாரு. உயரம்னா சுருதி, நீளம்னா நேரம், அவ்வளவுதான் சூத்திரம். நோட்டு எழுதுற கம்ப்யூட்டர் மென்பொருள் மியூஸ்ஸ்கோர் காசில்லாமலே கிடைக்குது, அதுல ஒவ்வொரு குரலையும் தனித்தனி ஸ்டாஃப்ல எழுதி மிடிங்கற கம்ப்யூட்டர் இசைக் கோப்பா எடுத்தா தனித்தனி ட்ராக்கா வரும், ட்ராக்குக்கு ஒரு கலர் கொடுத்துக்கலாம். கைக்கு ஒரு கலர்னு கொடுத்தீங்கன்னா மேல அந்த அம்மாவுக்கு சொன்ன அதே கதைதான், நடுக் கோடு பாதி சிவப்பு பாதி நீலமா ஓடும், பிள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியாது.

ஆனா நம்ம ஊர் கரண்டை நம்பி ப்ரொஜெக்டர் வைக்கணுமான்னு யோசிங்க. அதோட வீடியோ ஒரே வேகத்துல ஓடும், பிள்ளைங்க பயத்துல ஓடுவாங்க இல்ல தயங்குவாங்க, படம் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போயிரும். நானா இருந்தா காடாத் துணியில வரைஞ்சிருவேன். அந்த முதல் இன்வென்ஷன் மொத்தம் 22 பார், பாருக்கு 16 சின்ன நோட்டு இடம், ஆக 352 கட்டம். கட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் வச்சா துணி 7 மீட்டர் சொச்சம். உயரத்துக்கு நாலு ஆக்டேவ், அரை ஸ்வரத்துக்கு ஒரு கட்டம்னு 49 கட்டம், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ரெண்டு மூங்கில்ல சுத்தி நட்டு வச்சு, நோட்டு படிக்கத் தெரிஞ்ச ஒரு பொண்ணை உருட்ட விடுங்க, வாசிக்கறவன் தயங்கினா அவளும் தயங்குவா. ஒரே நோட்டு ரெண்டு தடவை வந்தா நடுவுல ஒரு மயிரிழை இடம் விட்டு வரையணும், இல்லன்னா ஒரே நீள நோட்டாத் தெரியும்.

கேள்வி: கூட சுருதிப்பெட்டி வச்சா நிறைவா இருக்குமே? – ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: அந்த இன்வென்ஷன்ல முதல் ரெண்டு பார் ஜோரா இருக்கும், சங்கராபரணம் மாதிரியே கேக்கும். அப்புறம் பிரதி மத்யமம் எட்டிப் பார்த்து ஏழாவது பார்ல பஞ்சமத்துல போய் உக்காந்துரும், பதினஞ்சாவது பார்ல தைவதமே சட்ஜம் ஆன மாதிரி முடியும், உங்க பெட்டி மட்டும் பழைய ச-வையே பிடிச்சிட்டு நிக்கும். ஆள் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போயிட்டான், நீங்க இன்னும் காலி நாற்காலிக்கு விசிறிட்டு இருக்கீங்க. வேண்டாம்.

கேள்வி: பெரியவங்க கீபோர்டுக்குன்னு எழுதினதை இப்படி பிச்சு பிச்சு கொடுக்கறது தப்பில்லையா? – அதே மோல்மேன் வாசகர்

பதில்: அந்தப் பெரியவரே, இத்தாலிக்காரரு விவால்டி நாலு வயலினுக்கு எழுதினதை எடுத்து நாலு ஹார்ப்சிகார்டுக்கு மாத்தினவரு. 1782ல மொசார்ட் பாக்கோட நாலு குரல் ஃப்யூக், அதான் ஒரே மெட்டை குரல்கள் ஒண்ணு பின்னால ஒண்ணா எடுத்துப் பேசுற உருப்படி, அதுல அஞ்சை எடுத்து ரெண்டு வயலின், வயோலா, செல்லோன்னு பங்கு போட்டாரு. இங்க பர்மாவுல மட்டும் என்ன, சைங் வாய்ங்ங்கற பர்மிய மேளக் குழுவுல ஒரு கூட்டமே சேர்ந்து வாசிக்கறதை ஒத்த ஆள் சந்தாயாவுல, அதான் பியானோவுல, ரெண்டு கையில அடக்கி வாசிக்கறாங்க, அதைக் கேட்டு ரசிச்சிட்டுத்தானே இருக்கோம். அவங்க கூட்டத்தை ஒரு ஆளாக்குறாங்க, அந்த ரங்கூன் பிள்ளைங்க ஒரு ஆளை கூட்டமாக்குதுங்க. நீங்களும் போய்க் கேட்டுட்டு வாங்க, சுருதிப்பெட்டியை மட்டும் வீட்டுல வச்சிட்டுப் போங்க.