அஞ்சு நாள் வால்வு கோர்ஸுக்குச் சங்கிலியை அடகு வைக்கணுமா?

அக்கா, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான், மார்த்தாண்டத்தில் யாரோ வால்வு, ஆக்சுவேட்டர் என்று ஐந்து நாள் கோர்ஸ் நடத்துகிறார்கள், 60,000 ரூபாய் கட்டினால் கல்ஃபில் வேலை உறுதி என்கிறார்கள், சங்கிலியை வைத்துக் கட்டிவிடவா என்று கேட்டிருந்தீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வைக்காதீர்கள். ஆனால் வால்வு வேலையே வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். அந்தக் கோர்ஸ் வேறு, அந்தத் தொழில் வேறு. தொழில் நல்ல தொழில்.

வால்வு உங்களுக்குப் புதிதும் இல்லை. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச மடையைத் திறந்து அடைக்கிறோமே, அதையே குழாய்க்குள் செய்வதுதான் வால்வு. கேஸ் சிலிண்டர் தலையில் இருக்கிறது, குக்கர் மூடியில் இருக்கிறது, முட்டம், குளச்சல் பக்கத்து ஐஸ் பிளாண்டில் அம்மோனியா லைன் முழுக்க இருக்கிறது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைக் கூடம். அங்கே மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனைக்கூட ஒரு வால்வுதான் திறந்து மூட வேண்டும். அவ்வளவு குளிருக்கான வால்வுகளில் கழுத்தை நீளமாக வைத்துச் செய்வார்கள், குளிர் ஏறி, வால்வுத் தண்டைச் சுற்றி லீக் ஆகாமல் அடைத்திருக்கும் கிளாண்ட் பேக்கிங்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இப்படி ஒவ்வொரு வால்வின் உருவத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்த பையனைத்தான் கம்பெனிக்காரர்கள் தேடுகிறார்கள்.

போன வருடம் தக்கலைப் பையன் ஒருவன், கையில் இதே மாதிரி ஒரு சர்டிபிகேட்டுடன், கோயம்புத்தூரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனான். கேட் வால்வைப் பாதி திறந்து ஃப்ளோவைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். குறைக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தான். தண்ணீர் குறையத்தான் செய்யும், அதனால் அவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கேட் வால்வு, அதாவது உள்ளே ஒரு தகடு மடைப்பலகை மாதிரி ஏறி இறங்கும் வால்வு, முழுக்கத் திறக்க அல்லது முழுக்க மூடத்தான். பாதியில் நிறுத்தினால் அந்தச் சின்ன இடுக்கு வழியாகத் தண்ணீரோ நீராவியோ சீறிப் பாய்ந்து அந்தத் தகட்டையும் அது வந்து உட்காரும் சீட்டையும் அரித்துவிடும், தகடும் நடுங்கும், அப்புறம் முழுக்க மூடினாலும் லீக் ஆகும். ஃப்ளோவைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் குளோப் வால்வு, இல்லை கண்ட்ரோல் வால்வு. பால் வால்வு என்றால் உள்ளே துளை போட்ட ஒரு உருண்டை இருக்கும், அது கால் சுற்றில் திறந்துவிடும், கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. ஐந்து நாள் உட்கார்ந்து வந்த பையனுக்கு இது தெரியவில்லை என்று கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அவன் கெட்டிக்காரன், யாரும் ஒரு வால்வைக்கூட அவன் கையில் கொடுக்கவில்லை, எல்லாம் திரையில் படம்தான்.

ஆக்சுவேட்டர் என்பது கைக்குப் பதிலாக வால்வைத் திருப்பும் கருவி. காற்றில் ஓடுவது, கரண்ட் மோட்டாரில் ஓடுவது, எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது என்று மூன்று வகை. இதில் தம்பி மனசில் பதிய வேண்டியது ஒரே கேள்வி, காற்று நின்றுபோனால் வால்வு என்ன ஆகும்? பர்னருக்குப் போகும் கேஸ் வால்வு என்றால் தானாக மூடிக்கொள்ள வேண்டும், குளிர்விக்கும் தண்ணீர் வால்வு என்றால் பெரும்பாலும் திறந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் உள்ளே ஸ்பிரிங் வைக்கிறார்கள். அந்த ஸ்பிரிங் பெரிய சுமையோடு அமுங்கி இருக்கும், முறை தெரியாமல் போல்ட்டைக் கழற்றினால் மூடி பறந்து வந்து ஆளையே கொன்றுவிடும். பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் ஆக்சுவேட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இன்னொன்றும் அவனிடம் சொல்லுங்கள். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு வால்வு திறந்து, திரும்ப மூடாமல் சிக்கிக்கொண்டது. கண்ட்ரோல் ரூமில் இருந்த விளக்கு, மூடச் சொல்லி உத்தரவு போய்விட்டது என்பதை மட்டும்தான் காட்டியது, வால்வு நிஜமாகவே மூடியதா என்பதைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருந்தது, உலையின் உள்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது. ஆக்சுவேட்டர் மேல் சின்னப் பெட்டியாக ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கும், வால்வு உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்வது அதுதான். அதை ஒழுங்காக செட் பண்ணத் தெரிந்தவனுக்கு எந்த பிளாண்டிலும் மதிப்பு உண்டு.

சரி, கோர்ஸ் நடத்துகிறவர்களிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம். பையன் தன் கையால் எத்தனை வால்வைப் பிரித்து மாட்டுவான்? கிளாண்ட் பேக்கிங் மாற்றச் சொல்லித் தருவீர்களா? பிரஷர் டெஸ்ட் பெஞ்ச் இருக்கிறதா? அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 598 என்ற தரமுறைப்படி வால்வின் உடம்பை அதன் அழுத்த அளவைப் போல் ஒன்றரை மடங்கில் சோதிப்பார்கள், அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? சிக்னலுக்கு ஏற்ப வால்வைச் சரியான இடத்தில் நிறுத்தும் பொசிஷனரில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னல் கொடுத்து வால்வு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து காட்டுவீர்களா? இதற்கெல்லாம் பதிலாக வேலை உறுதி, வேலை உறுதி என்றே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையிலேயே இதெல்லாம் இருந்தால்கூட 60,000 அதிகம், ஐந்து நாளில் கிடைப்பது அறிமுகம்தான்.

அப்போ என்ன செய்வது? அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியிலேயே வேலை செய்துகொண்டே கற்பது. மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸின் (NATS) இணையதளத்தில் தம்பி இன்றைக்கே பெயரைப் பதியட்டும், பதிய காசு கிடையாது. டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். மத்திய அரசு நிறுவனமான திருச்சி பெல் (BHEL) வால்வுகள் தயாரிக்கும் இடம், மகேந்திரகிரி இஸ்ரோவும் அப்ரண்டிஸ் எடுக்கிறது, கோயம்புத்தூரிலும் சென்னைப் பக்கமும் வால்வு கம்பெனிகள் நிறைய. பல அறிவிப்புகளில் சமீப வருடங்களில் முடித்தவர்களை மட்டுமே கேட்பார்கள், அதனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவனுக்கு நஷ்டம். திருச்சி தூரம் என்று யோசிக்காதீர்கள், கல்ஃபுக்கு அனுப்ப மனசு வந்த உங்களுக்குத் திருச்சி தூரமே இல்லை.

கல்ஃப் கனவையும் நான் தடுக்கவில்லை, நம் ஊரில் எத்தனையோ வீடு அந்தக் காசில் எழுந்தவைதான். எண்ணெய் ரிஃபைனரியைப் பராமரிப்புக்காக நிறுத்திவைக்கும் ஷட்டவுன் வேலைக்கு வால்வு டெக்னீஷியன்களை எடுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் விளம்பரங்களை வாசித்துப் பாருங்கள், அனுபவம்தான் கேட்பார்கள். இரண்டு மூன்று வருடம் இங்கே கை பழகிவிட்டுப் போனால் ஹெல்ப்பராக இல்லாமல் டெக்னீஷியனாகப் போவான். அப்போதும் ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் ஆளிடமிருந்து வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் விதிப்படி 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அவர்கள் அறிவிப்புகளையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டிருங்கள்.

இந்த வாரமே தம்பி ஒரு வேலை செய்யட்டும். பழைய இரும்புக் கடையில் ஒரு கேட் வால்வும் ஒரு பால் வால்வும் எடைக்கு வாங்கி, பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் நோட்டில் வரைந்து பெயர் எழுதி, திரும்ப மாட்டட்டும். சனிக்கிழமை சாயங்காலம் மார்க் ஷீட்டோடு அந்த நோட்டையும் வால்வையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள், நாட்ஸ் பதிவை நானே கூட உட்கார்ந்து முடித்துத் தருகிறேன்.